வெளுத்த தசை

பட்டியில் ஆடு குட்டி போடும்போதெல்லாம் அவள் கண்ணை இறுக மூடிக்கொள்வாள். ஈரக் குட்டியைத் தடவித் தடவியே மூக்கைத் துடைப்பாள், வாயில் காம்பைத் திணிப்பாள். அவள் பார்த்தால் குட்டி விறைத்துச் சாகும் என்பது தெருவின் பேச்சு. கேட்டுக் கேட்டு அவளுக்கே அது ஊறிப்போயிருந்தது. கண்ணை மூடியபோதும் குட்டிகள் செத்தன. அதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

மகளின் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டது. அதன் முகத்தை அவள் இன்னும் பார்த்ததில்லை.

இந்த முறை, புதிதாக வந்த கால்நடை டாக்டரம்மா செத்த குட்டியைப் பட்டியிலேயே அறுத்துப் பார்த்தார். தொடைச் சதை வேகவைத்ததுபோல் வெளுத்துக் கிடந்தது.

"இதுல உங்க கண்ணுக்கு என்னக்கா வேலை?" என்றார். "உடம்பு ஆக்சிஜனை வச்சுத் தீனியை எரிச்சுத்தான் ஓடுது. எரியறப்ப பெராக்சைடுன்னு ஒரு நஞ்சு உண்டாகும். அதைத் தண்ணியா மாத்த ஒரு புரதம் இருக்கு. அந்தப் புரதத்துக்கு உயிரே நடுவுல இருக்கற செலினியம்கற தாதுதான். தன்கிட்ட இருக்கற எலக்ட்ரானைக் கொடுத்து நஞ்சை அடக்கும். அப்புறம் இன்னொரு மூலக்கூறுகிட்ட வாங்கிக்கிட்டு மறுபடி வேலைக்கு நிக்கும். உங்க மண்ணுல செலினியம் இல்ல. அதனால புல்லுல இல்ல, தாயாட்டுக்கு இல்ல, குட்டிக்கும் இல்ல. அடக்க ஆளில்லாம சதை கெட்டுப்போகுது."

"அப்ப நான் பாத்ததால இல்லையா?"

"என்னைக்கூடத்தான் பாக்கறீங்க. நான் குத்துக்கல்லாட்டம் நிக்கலையா?"

குட்டிகளுக்கும் சினை ஆடுகளுக்கும் செலினியம் ஊசி போட்டார். இதயம் ஏற்கெனவே கெட்டிருந்த ஒரு குட்டி செத்தது; மற்றவை எழுந்து துள்ளின. தெரு என்ன சொன்னது தெரியுமா? "டாக்டரம்மாவுக்கு ராசியான கை!" ஒரு பெண்ணின் கண்மேல் பாதி ஆயுளாக ஏற்றிவைத்த பழியை இறக்கிவைக்க ஒரு நாக்கும் அசையவில்லை.

மகள் குழந்தையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். "இப்பவாவது பாரும்மா."

"வேணாம்டி."

"டாக்டர் சொன்னது புரியலையா உனக்கு?"

"புரியுது. பயம் எங்க கேக்குது?"

மூடிய இமைக்குள் விறைத்த குட்டிகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன. அவற்றின் முன்னாலேயே கண்ணைத் திறந்தாள். குழந்தை அவள் மூக்கைப் பிடித்து இழுத்துச் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் உள்ளங்கை அதன் நெஞ்சை விட்டு நகரவில்லை.

"விடும்மா, பசிக்குது அதுக்கு."

"இருடி. இன்னும் துடிக்குதான்னு பாக்கறேன்."