யார் நாய் இது

அந்த நாய் எங்கள் வீட்டுக்கு ஓசியில் வந்தது. வெலிங்டனில் ராணுவ அலுவலகம் ஒன்றில் நான் சிவிலியன் கிளார்க். மாற்றலாகிப் போகிற அதிகாரிகள் சோபாவை விற்பார்கள், பூந்தொட்டிகளை அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள், நாயை யார் தலையிலாவது கட்டுவார்கள். என் தலையில் கட்டப்பட்டது ஒரு வயதுகூட நிரம்பாத கறுப்பு லாப்ரடார். "ரெட்ரீவர் ஜாதி. சுட்ட பறவையை அலுங்காமல் எடுத்து வரும். கொடுத்து வைத்தவன் நீ" என்றார் அதிகாரி.

அவர் வீட்டில் இருந்த சிப்பாய் ஒருவன்தான் அதைப் பழக்கியிருந்தான். சீருடையோடு மைதானத்தில் நின்று, மணல் நிரப்பிய காலுறையை வீசுவான். நாய் பாய்ந்து போய்க் கவ்வி வந்து அவன் கையில் கொடுக்கும். கொடுத்துவிட்டு, தன்னைக் கூட்டி வந்த எஜமானின் காலடியில் போய் உட்காரும். அதிகாரி அங்கேதான் பிஸ்கட்டோடு நிற்பார். பிறகு அந்த பிஸ்கட் வேலை எனக்கு வந்தது.

"எங்கூட்டுக்குள்ள நாய் வந்துச்சுன்னா நான் வெளிய போயிருவேன், பாத்துக்கங்க" என்று மனைவி முதல் நாள் மிரட்டினாள். மழை பிடித்ததும் நாய் அவள் சால்வை மேல் படுத்துத் தூங்கியது. அவள் அதை எழுப்ப மனமில்லாமல் குளிரில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எனக்கு வந்ததோ வேறு வியாதி. பெருமை. ஆபீசில், டீக்கடையில், முடிவெட்டும் இடத்தில், எங்கே போனாலும் நாய்ப் புராணம்தான். ஒருநாள் ஆபீசில் கூட வேலை பார்ப்பவர் டிபன் பாக்ஸை மூடிக்கொண்டே, "சார், உங்க வேட்டை நாய் இதுவரைக்கும் என்னத்தங்க வேட்டையாடுச்சு? தயிர்சாதமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்றைக்கும் வந்தது.

என் மனைவியின் தம்பி கீழ் கோத்தகிரிப் பக்கம் பச்சைத் தேயிலை ஏற்றும் பிக்கப் வண்டி ஓட்டுகிறான். குரங்கு விரட்டுவதற்கென்று ஒரு ஏர்கன் வைத்திருக்கிறான். அவனிடம் புலம்பியபோது, "அட இதுக்குப் போயி மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கறீங்களே மச்சான். எஸ்டேட் குளத்துல காட்டு வாத்து எறங்கியிருக்குது. நாயக் கூட்டியாங்க, ஒன்னத் தட்டிரலாம்" என்றான்.

சட்டம் தெரியாதவன் இல்லை நான். காட்டுப் பறவையைச் சுட்டால் கேஸ். அரசாங்க வேலையில் இருப்பவன் மேல் கேஸ் என்றால் முதலில் சஸ்பென்ஷன், அப்புறம்தான் மற்றதெல்லாம். அத்தனையும் தெரிந்து, யார் பார்க்கப் போகிறார்கள் என்று கிளம்பினேன். மனைவியிடம் நாயைக் காற்றாட உன் தம்பி ஊருக்குக் கூட்டிப் போகிறேன் என்றேன். வழியில் பசிக்குமே என்று அவள் அதற்குச் சோறும் முட்டையும் கட்டிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. குளத்தின் மேல் மூடுபனி கலைந்துகொண்டிருந்தது. வாத்துகள் நடுத்தண்ணீரில் சும்மா மிதந்தன. மச்சினன் தேயிலைச் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்துக்கொண்டான். நான் கரையில் நாயைப் பிடித்தபடி, இன்னொரு கையில் போனைத் தூக்கி வீடியோ எடுத்துக்கொண்டு நின்றேன். ஆபீசில் காட்ட வேண்டுமே! முதல் குண்டு தண்ணீரில் விழுந்தது. வாத்துகள் எழும்பின. அடுத்த குண்டுக்கு ஒன்று இறக்கை மடங்கித் தண்ணீரில் விழுந்து சுற்றியது.

"போ!" என்றேன்.

பொய் சொல்லப் போவதில்லை. அந்த நிமிடம் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அத்தனை குளிர்ந்த தண்ணீரில் அது தயங்கவே இல்லை. தலை மட்டும் வெளியே தெரிய நேராக நீந்திப் போய், வாத்தைப் பல் படாமல் கவ்வியது. போன் திரையில் அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததால், எதிர்க்கரையில் ஜீப் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. காக்கி உடுப்பும் தொப்பியுமாக ஃபாரஸ்ட் கார்டு ஒருவர் தண்ணீர் ஓரம் இறங்கி வந்திருந்தார்.

நாய் அவரைப் பார்த்துவிட்டது. அதற்குச் சீருடை என்றால் சீருடைதான். பச்சை எது, காக்கி எது என்று அதற்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்? நேராக அவர் இருந்த கரைக்கு நீந்திப் போய், ஏறி, வாத்தை அவர் கையில் கொடுத்தது. வாத்து உயிரோடுதான் இருந்தது. கார்டு விக்கித்துப்போய் அதை வாங்கிக்கொண்டார். நான் திரும்பிப் பார்த்தேன். மச்சினனையும் காணோம், துப்பாக்கியையும் காணோம். ஒரு தேயிலைகூட ஆடவில்லை.

கொடுத்த வேலையை முடித்த நாய் கரையைச் சுற்றி ஓடி வந்து, என் காலடியில் உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தியது. தண்ணீர் சொட்டியது. வால் தரையைப் பெருக்கியது. பின்னாலேயே கார்டும் வாத்தை அணைத்தபடி வந்தார்.

"ஏனுங்க, யாரு நாயிங்க இது?"

"தெரியலீங்க."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தெரியலீங்களா? உங்க காலுக்கிட்டல்ல வந்து உக்காந்திருக்குது?"

"நான் சும்மா வாக்கிங் வந்தவனுங்க. பாக்கெட்ல பிஸ்கட் இருக்குது. அந்த வாசத்துக்கு வந்திருக்குமுங்க."

அவர் என் போனைப் பார்த்தார். நாயைப் பார்த்தார். "கழுத்துப் பட்டையெல்லாம் கட்டி, எண்ணெ தடவுனாப்ல பளபளன்னு இருக்குதுங்களே. யாரோ ஆசையா வளத்ததாட்ட இருக்குது."

"இருக்குமுங்க."

"டப்புனு ஒரு சத்தம் கேட்டுச்சு. உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?"

"இல்லீங்களே."

"சரிங்க. யாருதும் இல்லைன்னா நான் கூட்டிட்டுப் போறேன். இப்படியே உட்டா நாளைக்கு இன்னொன்னப் புடிக்கும்." சொல்லிவிட்டு அவர் உடனே கிளம்பவில்லை. எனக்கு அவகாசம் கொடுத்தார் என்று இப்போது தெரிகிறது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தால் போதும். நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஜீப் பக்கம் அவர் கை காட்டியபோது நாய் நகரவில்லை, என்னைத்தான் பார்த்தது. எங்கே என்னைக் காட்டிக் கொடுத்துவிடுமோ என்று பயந்து, "போ" என்றேன்.

நான் சொன்னதால்தான் போனது. இன்னொரு வாத்து விழுந்திருக்கிறது என்று நினைத்ததோ என்னவோ, துள்ளிக்கொண்டு ஓடி ஜீப்பில் ஏறியது.

ஜீப் மறைந்த பிறகு மச்சினன் செடிக்குள்ளிருந்து எழுந்து வந்தான். "தப்பிச்சோம் மச்சான்! என்னாமா சமாளிச்சீங்க!" என்றான். பிக்கப்பில் உட்கார்ந்து வீடியோவை அழித்தேன். அந்தச் சோற்றுப் பொட்டலம் சீட்டில் பிரிக்காமல் கிடந்தது. அதை வழியில் வீசச் சொன்னேன்.

வீட்டில், திரும்பி வரும்போது நம் ஊருக்குள் நுழைந்ததும் நாய் பிக்கப்பிலிருந்து குதித்து எங்கோ ஓடிவிட்டது என்றேன். மச்சினனும் போனில் அதையே சொன்னான். மனைவி கால் செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ரோட்டுக்கு ஓடினாள். "மோப்பம் புடிச்சு வந்துருமுங்க. வழி தவறி இங்கதான் எங்கியாச்சும் நிக்கும். வாங்க தேடலாம்." இருட்டும் வரை சரிவுகளில் ஏறி இறங்கினோம். அவள் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். நானும் கூப்பிட்டேன். அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "நீங்க இன்னுங் கொஞ்சம் சத்தமாக் கூப்புடுங்களேன்" என்றாள். இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டு சத்தமாகக் கூப்பிட்டேன். ச்சீ! குளத்தங்கரையில் எந்தப் பெயர் வாயில் வரவில்லையோ, அதை இங்கே யாருமில்லாத பள்ளத்தைப் பார்த்துக் கத்தினேன். என்ன மனுஷன் நான்!

ராத்திரியே அவள் நாயின் படத்தையும் தன் நம்பரையும் வாட்ஸ்அப்பில் தெரிந்த குரூப்பிலெல்லாம் போட்டாள். மறுநாள் காலை அவள் சமையலறையில் இருக்கும்போது அழைப்பு வந்தது. கையில் மாவு இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஏனுங்கம்மா, உங்க நாய் எங்க ஃபாரஸ்ட் ஆபீசுல பத்திரமா இருக்குதுங்க. ஒன்னும் பயப்படாதீங்க. நேத்து எஸ்டேட் குளத்துக்கிட்ட ஒருத்தரு நின்னுட்டு இருந்தாரு. அவரு காலடியிலயேதான் உக்காந்திருந்துச்சு. கேட்டா, யாரு நாயின்னே தெரியாதுன்னுட்டாருங்க."

அவள் என்னைப் பார்த்தாள். வர்றேனுங்க என்று அவருக்குச் சொல்லிவிட்டு அடுப்பை அணைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் பதிலுக்குக் கத்துவேன், கத்தி ஜெயிக்கவும் தெரியும். அவள் திட்டவில்லை. "சத்தமாக் கூப்புடுங்கன்னு சொன்னேன். கூப்புட்டீங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையைக் கழுவினாள்.

பஸ்ஸில் அவள் முன்பக்கம் வேறொரு பெண்ணுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் பின்னால் நின்றுகொண்டே போனேன். ஃபாரஸ்ட் ஆபீசுக்கு ஏறும் பாதையிலும் அவள் முன்னால், நான் பத்தடி தள்ளி. பாதி வழியில் நின்று திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன். அந்தக் கார்டின் முகத்தில் எப்படி முழிப்பது? சஸ்பென்ஷன் பயம் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைவிட இந்தப் பயம் பெரிதாக இருந்தது.

அவர் வாசலில்தான் இருந்தார். நாயைக் கயிற்றில் கட்டி அவள் கையில் கொடுத்தார். அவள் மண்ணிலேயே உட்கார்ந்து அதைக் கட்டிக்கொண்டாள். அது அவள் முகமெல்லாம் நக்கியது. "அந்த வாத்துதானுங்கம்மா பாவம், பொழைக்கல. குண்டு உள்ள இருந்திருக்குது" என்றார் கார்டு. அதைச் சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை, கேட் பக்கம் நின்ற என்னைப் பார்த்தார்.

"அவரு உங்க கூட வந்தவருங்களா?"

மனைவி எழுந்து புடவையிலிருந்த மண்ணைத் தட்டினாள். திரும்பி என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தாள்.

"பஸ்ஸுல கூட வந்தாருங்க. யாருன்னு தெரியல."

நாய்க்கு அது விளங்கவில்லை. அப்போதுதான் என்னைப் பார்த்தது போல, கயிற்றோடு அவளையும் இழுத்துக்கொண்டு ஓடி வந்து என் மேல் தாவியது, கையை நக்கியது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைத் தடவிக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.