சேஞ்ச் ஆகணும்க்கா

தஞ்சாவூரில் ஒரு டியூஷன் சென்டரில் மாலை நேரங்களில் ஆங்கிலம் பேசச் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப்பேர் வெளிநாடு போகக் காத்திருப்பவர்கள். அன்றைக்குப் பாடம் 'சேஞ்ச்' என்ற வினைச்சொல். நமக்கு இதெல்லாம் புதிதா என்ன? டிரஸ் சேஞ்ச் பண்ணுகிறோம், கியர் சேஞ்ச் பண்ணுகிறோம், திருவையாற்றில் இறங்கி பஸ் சேஞ்ச் பண்ணுகிறோம். ஒருவர் எழுந்து, "பார்த்த பொண்ணு பிடிக்கலைன்னா அதையும் சேஞ்ச் பண்ணலாமா மேடம்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். தானாக மாறுவதற்கும் நாம் மாற்றுவதற்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே சொல் போதும் என்று போர்டில் எழுதினேன். தோள் வலித்தது. இப்போதெல்லாம் எழுதினாலும் வலிக்கிறது, எழுதாவிட்டாலும் வலிக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் வளைகுடாவில் வேலை பார்க்கும் தம்பி போனில் வந்தான்.

"ஊரே சேஞ்ச் ஆயிடுச்சுக்கா. நாமளும் சேஞ்ச் ஆகணும். நிலத்தைப் பிளாட் போடுறவங்களுக்குக் குடுத்துட்டா நான் ஊரோட வந்துடுவேன். இந்த வெயில்ல இனிமே முடியலக்கா."

அப்பாவின் நிலம் எங்கள் இருவர் பேரிலும் இருக்கிறது. என் கையெழுத்து இல்லாமல் விற்க முடியாது. அம்மா போன பிறகு பொங்கலன்றுகூட தனியாகத்தான் சாப்பிடுகிறேன். அவன் வந்தால் போதும் என்று இருந்தது. சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை புரோக்கர் டேப்போடு வயலுக்கு வந்தார். "அருமையான இடம் மேடம். குறுக்கே ஒரு வாய்க்கால்கூட இல்ல" என்றார். உண்மைதான், தண்ணீர் போகும் வழி எந்த வரைபடத்திலும் இருக்காது. எங்கள் பக்கத்தில் தண்ணீர் வயல் விட்டு வயல் பாயும். மேல் வயல் நிறைந்ததும் வரப்பில் மடை வெட்டிக் கீழ் வயலுக்கு விடுவோம். எங்களுக்குக் கீழே ஒரே ஒரு வயல். புருஷன் இல்லாத ஒருத்தி அதை ஒண்டியாகப் பார்த்து வருகிறாள்.

அவள் மண்வெட்டியோடு எங்கள் மடையில்தான் நின்றிருந்தாள்.

"மண்ணடிச்சு மேடாக்கிட்டா எனக்குத் தண்ணி எந்தப் பக்கமா வரும்க்கா?"

புரோக்கர் முந்திக்கொண்டு, "போர் போட்டுக்கங்க" என்றார்.

"அதுக்கு வசதி இருந்தா நான் ஏங்க இங்க நிக்கிறேன்?"

எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. இன்றைக்குப் பார்த்தா வந்து நிற்க வேண்டும்? ஓரமாக ஒரு வாய்க்கால் விட முடியுமா என்று புரோக்கரிடம் கேட்டேன். நிலம் ஒடுக்கம், ரோட்டுக்கே இடம் இழுபறி, வாய்க்காலும் விட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள் என்றார். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய நாற்று நடவுக்குத் தயாராக நின்றது.

அங்கிருந்தே தம்பியைப் போனில் கூப்பிட்டு, விற்றால் அவளுக்குத் தண்ணீர் நின்றுவிடும் என்று சொன்னேன். அவனும் இதே வரப்பில் ஓடி வளர்ந்தவன்தான். தண்ணீர் போகும் வழி அவனுக்கு மறந்தே போயிருந்தது.

"அப்ப கையெழுத்துப் போட மாட்டியா?"

"மாட்டேன்டா."

"சரிக்கா. நான் இங்கயே கெடக்குறேன்."

கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன்.

நடவு முடிந்த பிறகு ஒருநாள் போனேன். அவள் வயலில் தண்ணீர் நிறைந்து கிடந்தது. மடையை மிதித்து அடைத்துவிட்டுச் சேறும் காலுமாகக் கரையேறி வந்தாள்.

"தம்பி எப்பக்கா வர்றாரு? வந்தா சொல்லிவிடுங்க, வயல் நண்டு புடிச்சுத் தரேன். சின்னதுல அதுக்குத்தானே இந்த வரப்பையே சுத்திக்கிட்டு இருப்பாரு."

"சொல்றேன்" என்றேன்.