வலை போட்ட மீன்தொட்டி

மீன் பிடிக்கிறவர்கள் வீட்டில் மீன்தொட்டி வைப்பது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று யாராவது எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். சொன்னார்கள்தான். கணவர் சொன்னார், மாமியார் சொன்னார், கண்ணாடித் தொட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது ஷேர் ஆட்டோக்காரர்கூடச் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

நான் வியாசர்பாடி குடியிருப்பில் வளர்ந்தவள். கல்யாணமாகி ராயபுரத்துக்கு, மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய தெருவுக்கு வந்தேன். கணவர் விசைப்படகில் கடலுக்குப் போகிறவர். மாமியார் விடியலில் ஏலம் எடுத்து, மார்க்கெட்டில் உட்கார்ந்து மீன் விற்கிறவர். நான் திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கப் பெட்டி நம்பர்களைக் கம்ப்யூட்டரில் அடித்துவிட்டு, லாரி வரிசைக்கு நடுவே ஊர்ந்து வரும் பஸ்ஸில் வீடு வந்து சேர்வதற்குள் பாதி உயிர் போய்விடும். வீட்டுக்கு வந்தால் பேச்செல்லாம் மீன். எவ்வளவு எடை, எது ஐஸில் நசுங்கியது, எதை யார் எடுத்தார்கள். மீனைப் பற்றி இவ்வளவு பேசுகிறவர்களில் ஒருவராவது அது நீந்துவதைச் சும்மா உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போய் ஒரு ஃபைட்டர் மீன் வாங்கினேன். கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். நல்ல நீலம், வால் ஓரத்தில் மட்டும் சிவப்பு. அந்த வீட்டில் என் ஆசைக்கென்று இருந்த பொருள் அது ஒன்றுதான். பீரோவில்கூட எனக்குக் கீழ்த்தட்டு மட்டும்தான். சாயந்திரம் டீயோடு அதன் முன்னால் உட்கார்ந்தால் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் நம்பர்கள் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கும்.

“வூட்டுக்கு அண்டா அண்டாவா மீனு வர்து. இது ஒன்னுக்குத் தனியா தொட்டி, லைட்டு வேறயா? நல்லா கீதும்மே உன் நாயம்” என்றார் மாமியார். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

மாமியார் பரவாயில்லை. பூனைகள்தான் பிரச்சினை. எங்கள் வீட்டில் இரண்டு. வெள்ளை, தின்று தின்று பெருத்துப்போய் எழுந்திருக்கவே யோசிக்கும். சாம்பல் கடுவன் அப்படியில்லை. காலையில் என் கணவரோடு துறைமுகத்துக்குப் போய், அவருக்கு முன்னால் வீடு திரும்புகிற ரகம். தொட்டி வந்த முதல் நாளே அதன் விளிம்பில் ஏறி நின்று, உள்ளே தலையை விட்டுத் தண்ணீர் குடித்தது. மீன் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. நான் துடைப்பத்தோடு ஓடினேன்.

“இன்னாத்துக்கு இப்டி பேஜார் பண்ற? தண்ணி குடிக்குது, அவ்ளோதான்” என்றார் கணவர்.

தொட்டியை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அதுதான் கடுவன் படுக்கும் இடம் என்பது மறந்துபோயிற்று. ஷோகேஸுக்குள் வைத்தேன். மூச்சு முட்டுமே என்று கதவைத் திறந்து வைத்தால், கடுவனும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. போனில் வீடியோ பார்த்தேன். பூனைக்கு வேளாவேளைக்கு வயிறாரப் போட்டால் தொட்டிப் பக்கம் வராது என்றாள் ஒரு பெண். எங்கள் பூனை தின்கிற மத்தி மீனை அவள் பார்த்ததில்லை. ஆரஞ்சுத் தோல் போடுங்கள் என்றாள். போட்டேன், அதை உருட்டி விளையாடியது. முகத்தில் தண்ணீர் தெளியுங்கள் என்றாள். ஐஸ் தண்ணீர் ஓடும் ஏலக்கூடத்தில் வளர்ந்த பூனை, கண்ணை மூடிக்கொண்டு சுகமாக முகத்தைக் காட்டியது. அந்த வீடியோக்காரி மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

இந்த லட்சணத்தில் தடைக்காலம் வந்தது. மீன் குஞ்சு பொரிக்கும் அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. கணவர் வீட்டிலேயே உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். நாட்டுப்படகு மீனை வைத்து மாமியார் வியாபாரத்தை ஓட்டினார். துறைமுகத்தில் பொறுக்கித் தின்ன ஒன்றும் கிடைக்காமல் கடுவன் இளைத்துப்போய், எந்நேரமும் கத்திக்கொண்டு காலைச் சுற்றியது.

“தொட்டிக்கு ஒரு மூடி செஞ்சு குடுக்கறதுக்கு இந்த வூட்ல ஆளு இல்ல. மீனு செத்தாதான் எல்லாருக்கும் நிம்மதி” என்று ஒருநாள் கத்திவிட்டேன். மறுநாள் ஆபீசிலிருந்து வந்தபோது கணவர் தொட்டிக்கு வலை போட்டு அலமாரியில் வைத்திருந்தார். மேலே மட்டும் கட்டினால் நழுவும் என்று, அடியிலிருந்து பை மாதிரி சுற்றிக்கொண்டு வந்து, மேலே இறுக்கி முடிந்திருந்தார். சின்னக் கண்ணி வலை. தீனி போட ஓர் ஓரத்தில் ஒரு சுருக்கு. மத்தியானம் முழுக்க அதிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

“சுறா வந்தாலும் பிச்சிக்கினு போவாது” என்றார்.

இனிமேல் என் மீனைக் கண்ணி வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்பது எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் எனக்காகச் செய்த முதல் காரியம் அது. வாயை மூடிக்கொண்டேன்.

அன்றிலிருந்து கடுவன் தொட்டியை விட்டு நகரவில்லை. தண்ணீர் குடிக்க வந்து போன பூனை, இப்போது எதிரே உட்கார்ந்து வலையையே பார்த்தது. நாக்கால் வாயைத் துடைத்துக்கொண்டது. கணவரிடம் சொன்னேன். “பாத்துக்கினு கிடக்கட்டும். அதால கியிக்க முடியாது” என்றார் அவர். உண்மைதான், அதனால் கிழிக்க முடியவில்லை.

ஒரு சாயந்திரம் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் கண்ணாடி விழுந்த சத்தம். கடுவன் வலையில் நகத்தை மாட்டி, பின்னங்காலை ஊன்றி, தொட்டியை அப்படியே அலமாரியிலிருந்து இழுத்துத் தள்ளியிருந்தது. முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. உடைந்த சில்லெல்லாம் வலைக்குள்ளேயே இருந்தது. நடுவில் என் மீன், தலை கண்ணியில் மாட்டித் துடித்துக்கொண்டிருந்தது. கடுவன் அவசரமே இல்லாமல் அதை நக்கி எடுக்கப் பார்த்தது. அடித்துத் துரத்தினேன்.

கணவர் வாசலிலிருந்து ஓடிவந்தார். கண்ணியிலிருந்து மீனை அவர் எடுத்த லாவகத்தில் ஒரு செதில்கூட உதிரவில்லை. எடுத்ததும் ஏலக்கூடத்துக் கைப்பழக்கத்தில் கட்டைவிரல் நகத்தால் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

“செவப்பாதான் கீது” என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரைப் பிடித்துத் தள்ளினேன். சொம்பில் தண்ணீர் பிடித்து அதில் விட்டோம். பக்கவாட்டில் சாய்ந்து, வாயைத் திறந்து திறந்து மூடியது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றுவிட்டது.

அவர் வலையைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்திருந்தார். “கரையில வல ஒதர்றப்ப கண்ணியில நிக்கிற பொடி மீனுங்க பூனப் பங்குனு வுட்டுடுவோம். குட்டில இருந்து அத துன்னு வளந்தது இது. வலைய நானே கட்டி வெச்சிட்டேன். தன் பங்குனு நெனச்சிக்கிச்சி” என்றார்.

இதை முன்னாடியே யோசித்திருக்கக் கூடாதா என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அழுகைதான் வந்தது. கட்டைவிரல் அளவு மீனுக்காக, டன் கணக்கில் மீன் இறங்கும் தெருவில் உட்கார்ந்து அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வேறு வாங்கிக்கலாம் என்றார் அவர். அந்தப் பேச்சையே எடுக்காதே என்றேன்.

அந்த நேரத்தில்தான் மாமியார் அன்னக்கூடையோடு உள்ளே வந்தார். வீட்டுக்கென்று எடுத்துவைத்த சங்கரா மீன் மேலேயே இருந்தது. கண்ணாடிச் சில்லைப் பார்த்தார், சொம்பை எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாரானேன். அவர் கூடையோடு திரும்பி வெளியே போனார். வெறுங்கூடையோடு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். புளிப் பானையைத் திறந்து ஓர் உருண்டை எடுத்துத் தண்ணீரில் போட்டார்.

“ரசம் வெச்சிக்கலாம்” என்றார் என்னிடம்.

“சங்கராவ இன்னாம்மா பண்ண?” என்று கேட்டார் கணவர்.

“பக்கத்து வூட்ல குட்த்துட்டேன். சாவு வூட்ல யாரானா மீனு ஆக்குவாங்களாடா?”