வெர்லின் சோப்புப் போடாத மாதம்

வெர்லின் ஸ்கார் பசுமாடுகளை விற்றுவிட்டு மானுக்கு விவசாயம் பார்க்கக் கிளம்பிய நாளிலிருந்து விஸ்கான்சினின் அந்த ஓடைக்கரை ஊருக்குச் சிரிப்புப் பஞ்சமே இல்லை. ஒரு ஏக்கர் க்ளோவர் புல், அரை ஏக்கர் டர்னிப் கிழங்கு, காட்டோரம் பன்னிரண்டு ஆப்பிள் மரம். அத்தனையும் ஒரே ஒரு ஆண் மானை வரவழைத்து வேட்டையாடுவதற்காக. அதற்கு அவர் வைத்த பெயர் மேயர். மேயர் மரத்தில் கட்டிய கேமராவில் மட்டும் காட்சி கொடுப்பார். துப்பாக்கியோடு போனால் ஆளைக் காணோம்.

ரோலண்டின் மதுக்கடைச் சுவரில் ஊரார் வேட்டையாடிய கொம்புகள் வரிசையாகத் தொங்கும். நடுவில் ஓர் ஆணி மட்டும் ஆறு வருஷமாய்க் காலி. வெர்லின் தானே அடித்து, கீழே தன் பெயரையும் எழுதி வைத்த ஆணி. வாய்க்கொழுப்பு, வேறென்ன!

"இந்த வருஷமும் வெறுங்கையோட வந்தா, அதுல என் தொப்பிய மாட்டிக்குவேன்," என்றார் ரோலண்ட்.

வெர்லினுக்குச் சுருக்கென்று தைத்தது. மானுக்கு மனித வாடை ஆகாது என்று ஒரு மாதம் சோப்பை விட்டார், காபியை விட்டார், காடியும் பச்சைத்தண்ணீரும் ஊற்றிக் குளித்தார். சளிதான் பிடித்தது.

"யோவ், மேயருக்குத்தான் மூக்கா? நான் என்ன மூக்க அடகு வச்சிருக்கேனா?" என்று மனைவி ஆர்டிஸ் கத்தினார். வேட்டைக்கு முந்தின நாள், பொறுக்கமாட்டாமல், அவருடைய கோட்டை எடுத்துத் தன் லாவெண்டர் சோப்பில் துவைத்தே போட்டார்.

மூக்கடைப்பில் வெர்லினுக்கு ஒன்றும் தெரியவில்லை. விடியும்போது பரண்மேல் உட்கார்ந்து ஒரு தும்மல் போட்டார். மூக்குத் திறந்தது; கோட்டில் லாவெண்டர் வாசம். "அடிப்பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டார். ஆறு வருஷ உழைப்பு போச்சு.

ஆனால் மேயர் வந்தார். மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தபடி, நேராகப் பரணுக்கு அடிக்கே. அங்கிருந்த ஆப்பிள் மரக்கிளையில் தொங்கிய நீல வாளிக்குள் தலையை விட்டுப் பார்த்தார். காலி. 'எங்கே என் பங்கு?' என்கிற மாதிரி மேலே பார்த்தார்.

அது ஆர்டிஸ் தண்ணீர் எடுக்கும் வாளி. வெர்லின் விரல் விசையிலேயே நின்றுவிட்டது. மழையில்லாத இரண்டு கோடை. ஆப்பிள் கன்று வாடுகிறது என்று ஆர்டிஸ் சொன்னபோது, "போ போ, மழை வரும்" என்றவர் வெர்லின். மரம் பிழைத்ததும் தன் கைராசி என்று மதுக்கடையில் பீற்றியவரும் அவரே. வெட்கம் பிடுங்கித் தின்றது. துப்பாக்கியை இறக்கிவிட்டார்.

"மேயர் வந்தாரா?" என்று வாசலிலேயே ஆர்டிஸ் கேட்டார்.

"வந்தான். என்னப் பாக்க இல்ல, உன் வாசத்துக்கு வந்தான். நீயா தண்ணி சுமந்தே?"

"பின்னே, உன் மழையா சுமந்துச்சு? போறப்போ அடிபட்ட ஆப்பிளயும் அவனுக்குக் கொண்டுபோவேன். சொன்னா, மனுஷ வாடை பட்டுடுச்சுன்னு நீ குதிப்பே."

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். இங்கே வைத்தவன் வாய்ச்சவடால் விட்டான், தண்ணீர் ஊற்றியது ஆர்டிஸ்.

அன்று மாலை வெர்லின் மதுக்கடை ஆணிக்குக் கீழே தன் பெயரை அடித்துவிட்டு 'ஆர்டிஸ்' என்று எழுதி, வாளியை மாட்டினார்.

"இந்தக் கொம்புக்கு எத்தன கெளைய்யா?" என்றார் ரோலண்ட்.

"பன்னெண்டு மரம்," என்றார் வெர்லின். கடையில் யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை ஆர்டிஸ் வந்து, வேலை கிடக்கிறது என்று வாளியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். ஆணி இப்போதும் காலிதான். பெயரை மட்டும் யாரும் அழிக்கவில்லை.