மைக்செட்டு வீடு

காலையில் கண்விழித்து "அம்மா" என்று கூப்பிட்டால் முதலில் வெறும் காற்றுதான் வரும். மறுபடி கூப்பிட்டால் காய்ந்த பனையோலையைத் தரையில் இழுத்துக்கொண்டு போவதுபோல ஒரு கரகரப்பு. அதற்கும் பிறகுதான் என் குரல் என்று சொல்லிக்கொள்ளும்படி ஏதோ ஒன்று எட்டிப் பார்க்கும். ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம் ஆடி மாதத்தில் இது ஆரம்பித்தது. மற்றவர்கள் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பார்கள், நான் தொண்டையைச் சோதித்துப் பார்ப்பேன். நேற்றைவிட இன்றைக்குக் குறைந்திருக்கிறதோ என்ற பயத்திலேயே பல் விளக்குவேன்.

பயப்படக் காரணம் இருந்தது. கணக்கில் நான் சுமார், ஓட்டப்பந்தயத்தில் கடைசி, ஆனால் பள்ளிக்கூடத்துக் காலை வழிபாட்டில் பாடுவதும், எங்கள் தெரு அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு மேடையேறிப் பாடுவதும் நான்தான். அது போய்விட்டால் என்னிடம் வேறு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் "அடிவயித்துல இருந்து எடு" என்பார். அதை எப்படி எடுப்பது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வயிற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவேன், கணீரென்று இருக்கிறது என்று எல்லாரும் மெச்சுவார்கள். குரல் கம்மியதும், "பாடப் பாட ராகம், மூட மூட ரோகம்" என்று இன்னும் கொஞ்சம் பாடச் சொன்னார்கள். அம்மா மிளகும் பனங்கற்கண்டும் சித்தரத்தையும் தட்டிப்போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுத்துவிட்டு, "சளிதான் அடைச்சிருக்கு, நல்லாச் செருமிட்டுப் பேசு" என்பாள். நானும் நாள் முழுக்கச் செருமிக்கொண்டே இருந்தேன்.

எங்கள் வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாத்தூர்ப் பக்கத்து ஊர்த் தெரு ஒன்றில் இருந்த அந்த ஓட்டு வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் "மைக்செட்டு வீடு". அப்பா பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆர்டர் கொடுக்க வெளியூர் வியாபாரிகள் வந்தால், அவர்கள் கண்முன்னே சாம்பிள் வெடித்துக் காட்டுவது அவர் பொறுப்பு. வருஷக்கணக்காக அந்த வெடிச் சத்தத்தை அள்ளி அள்ளிக் குடித்த காது, எனக்கு விவரம் தெரிந்த நாளிலேயே பாதி மந்தமாகியிருந்தது. ஆகவே எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை, கத்துவோம். ஒருமுறை எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் சண்டையை விலக்கிவிட ஓடி வந்தார்கள். அம்மா அப்பாவிடம் இட்லிக்குச் சட்னி போதுமா, சாம்பார் வேண்டுமா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இவ்வளவு இருந்தும், அப்பாவுக்குக் காது கேட்காது என்று எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. யாராவது கேட்டால், "அவுகளுக்குக் கவனம் வேற எங்கயோ இருக்கும்" என்று அம்மா முடித்துவிடுவாள். எனக்கு மட்டும் ஒருநாள் தணிந்த குரலில் சொன்னாள்: "காது கேக்காத ஆளை மருந்துப் பக்கம் யாரு பிள்ளே விடுவா?" எங்கள் ஊரில் மருந்து என்றால் வெடிமருந்து. அபாயம் என்று யாராவது கத்தினால் கேட்டு ஓடத் தெரிய வேண்டும். கேட்காதவரை வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள். வேலை போய்விடுமோ என்று அவளுக்குப் பயம், ஆனால் அவர் வேலையில் இருக்கும் ஒவ்வொரு நாளும் அதைவிடப் பெரிய பயம்.

கஷாயத்துக்கு மசியாத தொண்டையை விருதுநகரில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டப் போனோம். மூக்கு வழியாக மெல்லிய குழாயை விட்டு, டிவிப் பெட்டி போன்ற ஒன்றில் என் குரல்நாண்களை எனக்கே காட்டினார். எதிரெதிராக இரண்டு வெள்ளைப் புடைப்புகள். "கையில காய்ப்பு காய்க்குமே, அதுதான். நாண் ரெண்டும் மோதி மோதிக் காய்ச்சிருக்கு" என்றார். வெடிச்சரம் பின்னிப் பின்னிக் காய்த்துப்போன தன் விரல்களை அம்மா முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "தீபாவளி கழிச்சு வாங்க. பயிற்சியில கரையலேன்னா ஆபரேஷன் பத்தி யோசிக்கணும்." அதற்குப் பிறகு பாட முடியுமா என்று அம்மா கேட்டாள். "பார்ப்போம்" என்றார். அந்த ஒரு வார்த்தை போதும், என் தூக்கம் போய்விட்டது.

பிறகு அவர், "வீட்ல யாருக்காவது காது மந்தமா? பிள்ளைங்க கத்திப் பேசுறதுக்கு அது ஒரு காரணம்" என்று கேட்டார். அப்பா எங்கள் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார், கேள்வி எட்டவில்லை, சுவரில் மாட்டியிருந்த பெரிய காதுப் படத்தை அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படில்லாம் யாருமில்லீங்க சார்" என்றாள் அம்மா.

அடுத்த அறையில் குரல் பயிற்சி கொடுத்த அக்கா சின்ன வயசுக்காரர். நான் பணிவாகக் குசுகுசுவென்று பேச ஆரம்பித்ததும் கையமர்த்தினார். அதுவும் தொண்டைக்குக் கெடுதலாம். செருமக் கூடாது, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும், யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் கைதட்ட வேண்டும் அல்லது பக்கத்தில் போய்ப் பேச வேண்டும். டம்ளர் தண்ணீரில் ஸ்ட்ராவை விட்டு, குமிழி வரும்படி "ஊ" என்று ஊதச் சொன்னார். பிறகு உதட்டை மூடி "ம்" என்று, அதிர்வு மூக்கிலும் கன்னத்திலும் தெரியும்வரை இழுக்கச் சொன்னார். மூச்சு விடும்போது வயிறு தானாக அடங்க வேண்டுமாம், நாம் இறுக்கக் கூடாதாம். "ஒன் குரல் கீழ இருக்கு பாப்பா. நீ யாரு உசரத்துக்கோ எக்கி எக்கிப் பாடுறே. ரெண்டு கட்டை இறக்கிப் பாடு" என்றார்.

எக்காமல் பாடுவது சரி, கத்தாமல் எங்கள் வீட்டில் எப்படி இருப்பது? கைதட்டினால் அப்பாவுக்குக் கேட்காது. பக்கத்தில் போய் நின்றால், என்ன வேண்டும் என்று பார்ப்பார். நான் சைகை காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன். தீபாவளி சீசன் வேறு நெருங்கியது. ஆர்டர் குவியக் குவியச் சாம்பிளும் கூடி, மாலையில் வரும்போது காது "கொய்ய்"யென்கிறது என்று தலையைச் சாய்த்து ஆட்டிக்கொள்வார். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தவர், தட்டைப் பார்த்துக்கொண்டே உரத்துக் கேட்டார்: "பிள்ளைக்கு எம் மேல என்ன கோவம்?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "என்ன?" என்றார். எத்தனை நாள் அடக்கி வைத்திருந்தாளோ, அம்மா உடைந்துவிட்டாள். "ஒங்க காதுக்குக் கத்திக் கத்தித்தான் அவ தொண்டை புண்ணாப் போச்சு! போதுமா?" எதையும் இரண்டு முறை சொன்னால்தான் கேட்கும் அப்பாவுக்கு, இது மட்டும் முதல் தடவையிலேயே கேட்டுவிட்டது.

அன்றிலிருந்து அவர் என்னிடம் எதுவும் கேட்பதை நிறுத்திவிட்டார். கேட்டால்தானே பதில் சொல்ல நான் கத்த வேண்டும். பள்ளிக்கூடம் எப்படி இருந்தது, பரீட்சை என்றைக்கு, எதுவும் இல்லை. தண்ணீர்ச் செம்பைக்கூட அவரே எழுந்துபோய் எடுத்துக்கொண்டார். உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்லத் துடித்தேன். சொல்வதற்கே கத்த வேண்டியிருந்தது. குரலும் போய், அப்பாவும் போய்விடுவாரோ என்று அந்த நாட்களில் நான் பயந்ததுபோலப் பிறகு எதற்கும் பயந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அப்பா வாசலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். நான் நிலைப்படியில் உட்கார்ந்து, ஊதி முடித்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கன்னத்தில் விரலை வைத்துக்கொண்டு, எவ்வளவு கீழே போக முடியுமோ அவ்வளவு கீழே "ம்" என்று இழுத்தேன். அப்பா திரும்பினார். "என்ன பாட்டு தாயி அது?"

தற்செயலாகத் திரும்பியிருப்பார் என்று நினைத்தேன். எழுந்து பக்கத்தில் போய், முகத்தைப் பார்த்து, அதே தணிந்த குரலில், "பாட்டு இல்லப்பா, தொண்டைக்குப் பயிற்சி" என்றேன். "அப்படியா" என்றார். என்ன, ஏது என்று மறுபடி கேட்கவில்லை. வெடிச் சத்தம் காதில் மெல்லிய கீச்சுக் குரல்களைத்தான் முதலில் தின்னுமாம், கனமான ஒலி கொஞ்சகாலம் தங்குமாம். இதைப் பிற்பாடு அந்த டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அவருக்குக் கேட்கட்டும் என்று நாங்கள் மேலே மேலே ஏறிக் கீச்சிட்டதெல்லாம், அவர் காது காலிசெய்துவிட்ட இடத்தில் போய்க் கதவைத் தட்டியதுதான். அன்றைக்கு அவரோடு எதை எதையோ பேசினேன். அழுகை வந்தது, அழுதால் தொண்டை கெடும் என்று அதையும் விழுங்கினேன்.

தீபாவளி கழிந்து மூன்று பேருமாக விருதுநகர் போனோம். டாக்டர் குழாயை விட்டு நெடுநேரம் பார்த்தார். ஒரு பக்கத்துப் புடைப்பு கரைந்துவிட்டது, இன்னொன்று கடுகளவுக்கு வந்திருந்தது. ஆபரேஷன் வேண்டாம், பயிற்சியை விடாதே என்றார். எழுந்திருக்கப் போன எங்களை அப்பா உட்கார வைத்தார். "சார், எனக்குத்தான் காது கேக்காது. இந்தப் பிள்ளை அதுக்காகத்தான் கத்தியிருக்கு" என்றார். அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அவர் பேச்சை நிறுத்தவில்லை. "என்னையும் பாத்துருங்க சார்" என்றார். அடுத்த சீசனுக்கு முன்பே கம்பெனியிலும் அவராகவே உண்மையைச் சொல்லி, மருந்து வேலையை விட்டுவிட்டு, லாரியில் லோடு ஏற்றுகிற பக்கம் மாறிக்கொண்டார். அதில் வரும்படி குறைவு. அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை.

நான் இப்போது மதுரையில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கிறேன். இரண்டு கட்டை இறக்கித்தான் பாடுகிறேன். எங்கள் வீட்டை யாரும் "மைக்செட்டு வீடு" என்று சொல்வதில்லை, அங்கே சத்தம் ஓய்ந்து வெகுகாலமாகிறது. அப்பாவுக்குக் காதுமிஷின் வாங்கிக் கொடுத்தேன். இரைகிறது என்று கழற்றி பீரோவில் வைத்துவிட்டார். மீதமிருந்த கனத்த ஒலியும் கொஞ்சம் கொஞ்சமாக அவரை விட்டுப் போய்விட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர்தான் போன் செய்வார். மழை பெய்ததா, கரண்டு இருந்ததா, அம்மாவின் மூட்டுவலி, யார் வீட்டில் கல்யாணம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வார். நான் "சாப்பிட்டீகளாப்பா" என்று கேட்பேன். கேள்வி எட்டாது. "நீ ஒண்ணும் பேச வேண்டாம் தாயி, தொண்டையைப் பாத்துக்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார்.