மஸ்கட் பெட்டி

சனிக்கிழமை சாயங்காலம் நாலரை மணிக்கு, ரீத்தா வாசலில் நின்று பக்கத்து வீட்டு மெற்றில்டாவிடம் மஸ்கட் வெயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. தம்பி ஷிபுவைத் திங்கட்கிழமை வீட்டுக்குக் கூட்டிப் போகலாமாம்.

"யாருட்டி?"

"அவன்தான். திங்கக்கெழம வாறானாம்."

"பிளைட்டு எப்ப?"

"அது... ராத்திரி."

ரீத்தாவுக்குச் சும்மா நின்று பொய் சொல்ல வராது. கைக்கு வேலை கொடுத்தால்தான் வாய் திறக்கும். அதற்குள் துப்பட்டாவின் நுனியில் முடிச்சுகள் விழுந்திருந்தன. வலைக் கம்பெனியில் அறுந்த கண்ணிகளை முடிகிற வேலை அவளுக்கு. கம்பெனி வேனில் போகும்போதும் விரல்கள் ஓய்வதில்லை. பூக்கட்டிய நூல், பையின் கைப்பிடி, பக்கத்தில் இருப்பவளின் சேலைக் குஞ்சம் என்று எது கிடைத்தாலும் முடிந்துவிடுவாள். "இவளுக்க சோத்துப் பையத் தொறக்கக் கத்தி வேணும்" என்று வேனில் சிரிப்பார்கள். அவள் போட்ட முடிச்சு அவிழாது.

மணவாளக்குறிச்சிக்கு மேற்கே கடலோரத்தில் அவர்களுக்கு இரண்டு அறை வீடு. அக்காவும் தம்பியும் மட்டும்தான். கல்யாணப் பேச்சு எடுத்தால், "மொதல்ல இவன் ஒரு நெலைக்கு வரட்டு" என்பாள். அவளுக்கு முப்பத்தாறு வயது ஆகிவிட்டது.

அவர்களுடைய அப்பா மரியஜான் குடிப்பார். குடித்துவிட்டு, அங்கே இல்லாத ஆட்களோடு சண்டை போடுவார். குடிக்காத காலை நேரங்களிலும் போடுவார் என்பதை வீட்டுக்கு வெளியே யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஆடி மாதம் விடியற்காலையில், அலையைத் தடுக்கப் போட்ட கற்களுக்கு இடையிலிருந்து அவரைத் தூக்கி வந்தார்கள். குடி கொண்டுபோயிற்று என்றது ஊர். அந்த ராத்திரி அவர் ஒரு சொட்டும் குடிக்கவில்லை என்பது ரீத்தாவுக்குத் தெரியும். பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றிருந்த பெண்ணிடம் அதை யாரும் கேட்கவில்லை.

அதனால்தான், ஷிபு வீட்டுச் சுவரைப் பார்த்து, "நிறுத்து, நிறுத்து" என்று கத்திய அன்று அவள் அதைக் குடி என்று மட்டும் நினைக்கவில்லை. "ஒருத்தன் விடாம ஏசியான் அக்கா. குடிச்சாத்தான் அவன் வாய மூடுவான்" என்றான்.

குடியை மறக்க வைக்கும் இல்லத்தில், தனியாகப் பேசுகிறவனை வைத்துக்கொள்ள முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். மனநல மருத்துவர் ஒருவர், குடியை நிறுத்திவிட்டுக் கூட்டி வரச் சொன்னார். ஜெப வீட்டில் தலையில் கை வைத்துப் பேயை அதட்டினார்கள். ஷிபு அழுதான், அவ்வளவுதான். "குடிய விட்டுட்டு வான்னாரு ஒருத்தரு. பேசுகத விட்டுட்டு வான்னாரு இன்னொருத்தரு. ரெண்டையும் விட்டவன நான் எதுக்குக் கொண்டு போறேன்?" என்பாள் ரீத்தா. இதைச் சொல்லும்போது அவள் சிரிப்பாள். கேட்பவர்களுக்குத்தான் சிரிப்பு வராது.

கடைசியில், அந்த மனநல மருத்துவரின் ஆஸ்பத்திரி வாசலில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி, திருவட்டாறு பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருப்பதாக மெல்லச் சொன்னாள். அங்கிருந்த டாக்டரம்மா ஷிபுவை வெகுநேரம் பேச விட்டார். பிறகு, "ரெண்டும் ஒரே ஆளுக்குத்தான வந்திருக்கு? சேர்த்துத்தான் பாக்கணும்" என்றார். ரீத்தா வராந்தாவுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஊரிலோ, தம்பி விசிட் விசாவில் மஸ்கட் போயிருக்கிறான் என்று சொல்லிவைத்தாள். போன் எடுக்காததற்கு, "பாலைவனத்துக்குள்ள சைட்டு, டவர் கெடையாது." ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் பஸ் ஏறிப் போவதைக் கேட்டால், கூடப் படித்த கூட்டுக்காரி வீட்டுக்கு என்பாள்.

மஸ்கட்டிலிருந்து வருகிறவன் கைவீசிக்கொண்டு வர முடியாது. போன் வந்த அன்றே வெளிநாட்டுச் சாமான் கடைக்குப் போய் சோப்பு, பால்பொடி, பேரீச்சம்பழம், மெற்றில்டா கேட்டிருந்த கோடாலித் தைலம் எல்லாம் ஒரு பெட்டி நிறைய வாங்கினாள். திரும்பும் வழியில் ஷிபுவின் கூட்டுக்காரன் ஷைஜு மறித்தான். "அக்கா, வரும்போ ரெண்டு பாட்டில் எடுக்கச் சொல்லு. கல்ஃபுக்குப் போயிட்டு வாறவன் செலவு செய்யாண்டாமா?" ரீத்தா தலையை ஆட்டினாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் தம்பியிடம் பெட்டியைப் பற்றிச் சொன்னாள். அவன் முதலில் சிரித்தான். கொஞ்சம் உடம்பு வைத்திருந்தான். கண் நிதானமாக இருந்தது.

"அக்கா, மஸ்கட்டுலேருந்து வாறவன்கிட்ட மொதல்ல என்ன கேப்பானுவ? சோப்பா?"

அவள் பையின் கைப்பிடியை முடிந்துகொண்டிருந்தாள்.

"நான் இல்லேன்னு சொல்லுவேன். எத்தற தடவ சொல்லுவேன்?"

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தக் கேள்வி கூடவே வந்தது. அவனைக் காப்பாற்றச் சொன்ன பொய்தான் அவன் முன்னால் பாட்டிலைக் கொண்டுவந்து வைக்கப் போகிறது. ஆனாலும் வேறு என்ன செய்வதென்று தெரியாமல், வந்ததும் பெட்டிக்குக் கயிறு சுற்ற உட்கார்ந்தாள்.

மெற்றில்டா பின்வாசல் வழியாக வந்தாள். அவள் வீட்டில் வழக்கம்போல டிவி அலறிக்கொண்டிருந்தது. ரீத்தா தைலத்தை எடுத்து நீட்டினாள். மெற்றில்டா வாங்கவில்லை.

"ஏட்டி, எனக்க கொழுந்தன் மஸ்கட்டுலதான் கெடக்கான். இந்தத் தை மாசம் அவன் கம்பளி மூடியிட்டு ஒறங்குகான். நீ வெயிலு வெயிலுங்குத."

ரீத்தாவின் முகம் செத்துப்போயிற்று. "அப்ப ஏன் கேக்கல?"

"நான் கேட்டா, எங்க வீட்டு டிவி ஏன் இப்படிக் கெடந்து காறுதுன்னு நீ கேப்ப." மெற்றில்டா தன் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "எனக்க மோன் ஜெஃப்ரினுக்கு இப்ப குடி மட்டும் இல்ல மக்கா. கண்ணாடியப் பாத்து ஆருகிட்டயோ கத்துகான், அது வெளிய கேக்காண்டாம்னுதான் டிவி. கண்ணாடியெல்லாம் மூடி வச்சிருக்கேன். ஒனக்க அந்த மஸ்கட்டுக்கு அவனையும் கொண்டு போவணும். வழி சொல்லு."

"தக்கலையில எறங்கி திருவட்டாறு பஸ்ஸு. நாளைக்கி காலத்த போறேன், அவனையும் கூட்டிட்டு வா."

அப்போது முன்வாசலில் பைக் நின்றது. "அக்கா, பாட்டிலு மறக்காண்டாம்!" ஷைஜுவின் குரல்.

ரீத்தா எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அவன் மஸ்கட்டுல இல்ல மக்கா. ஆஸ்பத்திரியில கெடந்தான். மருந்து திங்கியான், இனியும் தின்னணும். நீ வா, சாயா குடி. பாட்டிலோட வராண்டாம்."

தெரு கேட்கும்படிதான் சொன்னாள். சொல்லும்போது இரண்டு கைகளும் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன.

உள்ளே, பெட்டியைச் சுற்றிய கயிற்றின் நுனிகள் முடியப்படாமல் தரையில் கிடந்தன.