பதினெட்டு பாயிண்ட் நாலு

போன மாதம் என் கைப்பேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. ஒரகடம் பக்கத்துச் சாலை ஒன்றில் அறுபத்தெட்டு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டியதற்காக எனக்கு அபராதமாம். என் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, "உங்களுக்கா? வேற யாருக்கோ வர வேண்டியது மாறி வந்திருக்கும்" என்றாள். இருபது வருடக் குடித்தனத்தில் என் கார் ஓட்டும் திறமைமேல் அவளுக்கு இருக்கும் மரியாதை அவ்வளவுதான். கேமரா எந்த இடத்தில் பிடித்தது என்று பார்த்தேன். பார்த்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அட கடவுளே, அந்த ரோடா!

சொன்னால் நம்ப மாட்டீர்கள். இதே ரோட்டில் ஒரு வண்டியை மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டிக் காட்டுவதற்காகத் தலைகீழாக நின்றிருக்கிறோம். அப்போது கேமரா கிடையாது, நடுத்தடுப்பு கிடையாது. தொழிற்பேட்டைக்காக ரோடு போட்டு, விளக்குக் கம்பமும் நட்டு, பல்பு மாட்டாமல் விட்டிருந்தார்கள். இரண்டு கிலோமீட்டருக்குக் கோடு கிழித்த மாதிரி நேராகப் போகும். இரு பக்கமும் பொட்டல். கம்பெனிகள் வருவதற்கு முன்பே எருமைகள் வந்து இடம் பிடித்திருந்தன.

அந்த நாட்களை நினைத்தால் முதலில் மூக்குக்குத்தான் ஞாபகம் வருகிறது. மண்ணெண்ணெயும் கியர் ஆயிலும் கலந்த ஒரு வாசனை. அது ஆரோக்கியதாஸின் வாசனை. நான் வேலை பார்த்த உதிரிபாகக் கம்பெனியில் அவன் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், நான் தரப் பரிசோதகன். கம்பெனி பஸ்ஸில் பக்கத்து ஸீட். அவன் மனைவி ஸ்டெல்லா சுங்குவார்சத்திரத்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் டைம் ஸ்டடி செய்பவள். அதாவது, ஒரு பெண் ஒரு ஸ்க்ரூ முடுக்க எத்தனை செகண்டு ஆகிறது என்று பக்கத்தில் ஸ்டாப்வாட்சோடு நின்று குறிப்பெடுப்பாள். அந்த வேலைக்கென்றே பிறந்தவள். நான் அவர்கள் வீட்டில் காபி குடித்து முடிப்பதைக்கூட மனசுக்குள் எண்ணிக்கொண்டிருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. அவள் என்னை அண்ணா என்பாள், தாஸ் மச்சான் என்பான். முறை சரியாகவே இருந்தது.

தாஸிடம் ஒரு பழைய டீசல் பிக்கப் இருந்தது. முன்னால் இரண்டு பேர் உட்கார ஒரு கேபின், பின்னால் திறந்த தொட்டி. எந்தக் கம்பெனி வண்டி என்று கேட்காதீர்கள், பாதி உடம்பு அந்தக் கம்பெனியுடையது இல்லை. கதவு ஒன்றிலிருந்து, கியர்பாக்ஸ் இன்னொன்றிலிருந்து, ஹாரன் ஏதோ பஸ்ஸிலிருந்து. ஞாயிற்றுக்கிழமை ஆனால் தாஸின் கால்கள் மட்டும்தான் வீட்டு வாசலில் தெரியும். மிச்சம் வண்டிக்கு அடியில் இருக்கும். விருந்தாளிகள் அந்தக் கால்களிடம் நலம் விசாரித்துவிட்டு உள்ளே போவார்கள்.

ஸ்டெல்லா பொறுத்துத்தான் பார்த்தாள். ஒரு ஈஸ்டர் அன்று காலை, பட்டுப்புடவையும் பூவுமாகக் கோயிலுக்குக் கிளம்பினாள். வல்லம் தாண்டுவதற்குள் வண்டி படுத்துவிட்டது. அது ஒன்றும் புதிதில்லை, செல்ஃப் மோட்டாரை ஸ்பேனரால் எங்கே தட்ட வேண்டும் என்று அவளுக்கே அத்துப்படி. இறங்கித் தட்டினாள். அசையவில்லை. தாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்சம் தள்ளு ஸ்டெல்லா" என்றிருக்கிறான். பட்டுப்புடவையோடு தள்ளினாள். வண்டி பிடித்துக்கொண்டது. பிடித்தது, நிற்கவில்லை. நிறுத்தினால் மறுபடி அணைந்துவிடும் என்ற பயத்தில் தாஸ் கோயில் வரை ஓட்டிக்கொண்டே போய்விட்டான். ஸ்டெல்லா பின்னால் ஷேர் ஆட்டோவில் வந்து சேர்ந்தாள். இந்த மனுஷன் உயிரோடு இருந்ததே அந்த வருஷத்து உயிர்த்தெழுதல் என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்று சாயங்காலமே பஞ்சாயத்து. பஞ்சாயத்துக்கு நான்.

"அண்ணா, இந்த வண்டி வித்தாவணும். இல்லனா நான் எங்கம்மா வூட்டுக்குப் போறேன்."

"இன்னாம்மா இப்டி பேசற? இந்த வண்டிக்கு இன்னா கொறச்சல்? நூறு போவும் தெரியுமா? நூறு!" என்றான் தாஸ். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ஸ்பீடோமீட்டர் முள் பல வருடமாகச் சைபரில் தூங்கிக்கொண்டிருந்த வண்டி அது.

ஸ்டெல்லா அவனையே பார்த்தாள். பிறகு நிதானமாகச் சொன்னாள்: "சரி. நூறு போச்சுன்னா வண்டிய வச்சிக்கோ. ஜென்மத்துக்கும் ஒரு வார்த்த கேக்க மாட்டேன். போவலன்னா அடுத்த வாரமே வித்துடணும். அர கிலோமீட்டர், பதினெட்டு செகண்டு. என் வாட்ச்சுல."

தாஸ் என் கையைப் பிடித்துக்கொண்டான். விளையாட்டாகத் தோன்றலாம் உங்களுக்கு. அவனுக்கு அந்த வண்டி எட்டு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகள். ஷிப்டு, ஓ.டி., சூப்பர்வைசர் சத்தம் எல்லாம் கழிந்தபிறகு அவனுடையது என்று இருந்தது அது ஒன்றுதான்.

மறுநாளிலிருந்து வண்டியை இளைக்க வைக்கும் வேலை ஆரம்பமானது. ஸ்டெப்னி, பின் கதவு, முன் பம்பர், இடது ஸீட், வைப்பர், எல்லாவற்றையும் கழற்றினோம். டீசல் பீய்ச்சும் நாஸிலைக் கழற்றிச் சுத்தம் செய்தோம், டீசல் பைப்பில் அடைத்திருந்த காற்றை வெளியேற்றினோம், டயரில் கல் மாதிரி காற்று அடைத்தோம். முகப்பில் இருந்த இடுக்குகளையெல்லாம் கம்பெனி பாக்கிங் டேப் ஒட்டி அடைத்தது என் யோசனை. காற்று தடுக்காமல் வழுக்கிக்கொண்டு போகுமாம். இஞ்சின் சூடேறித் தண்ணீர் கொதித்ததும் பாதியைப் பிய்த்துவிட்டோம். கடைசி இரண்டு நாள் தாஸ் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினான். முக்கால் கிலோ குறைந்திருப்பதாகச் சொன்னான். முகத்தில் மட்டும்தான் குறைந்திருந்தது.

தூரத்தை அளப்பது என் பொறுப்பு. விளக்குக் கம்பங்களை எண்ணிவிடலாம் என்றேன். "நட்டவன் அளந்தா நட்டான்? நீங்க குவாலிட்டிதானே அண்ணா, அளங்க" என்று ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். என்னிடம் இருந்தது ஐந்து மீட்டர் டேப். நான்கு நான்கு மீட்டராக நூற்றிருபத்தைந்து தடவை வைத்தால் ஐந்நூறு. சனிக்கிழமை சாயங்காலம் தாஸ் ஒரு முனை, நான் ஒரு முனை, ரோட்டில் தவளை மாதிரி தாவித் தாவி அளந்துகொண்டு போனோம். தொழிற்பேட்டை வாட்ச்மேன் சைக்கிளில் வந்து பார்த்தார். "இன்னா கம்பெனி சார் வருது? என் மருமவன் ஐ.டி.ஐ. முடிச்சிட்டு வூட்ல குந்திகினு கீறான்" என்றார். தாஸ் டேப்பிலிருந்து தலையைத் தூக்காமல், "வரட்டும் அண்ணாத்த, சொல்லியனுப்பறேன்" என்றான். நாங்கள் முந்நூறாவது மீட்டருக்கு வரும்போது மருமகன் சர்டிபிகேட்டோடு வந்து நின்றான்.

இங்கேதான் நான் கோட்டை விட்டேன். தரப் பரிசோதகர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. டேப்பின் நுனியில் இருக்கும் கொக்கி அடிபட்டு அடிபட்டுத் தேய்ந்திருக்கும், அதை நம்பக் கூடாது. அதனால் நுனியை விட்டுவிட்டு, நூறு மில்லிமீட்டர், அதாவது பத்து சென்டிமீட்டர் கோட்டிலிருந்து பிடிப்போம். அந்தப் பக்கம் படிப்பவன் பத்தைக் கூட்டிக் குறிக்க வேண்டும். எங்களுக்கு இது மூச்சு விடுகிற மாதிரி. நான் என் முனையில் ஒவ்வொரு தடவையும் நான்கு மீட்டர் பத்து சென்டிமீட்டரில் சாக்பீஸ் கோடு போட்டேன். தாஸ் அவன் முனையில், எல்லா மனிதர்களையும் போல, கொக்கியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் ஃபிட்டர், அவனுக்கு எங்கள் வழக்கம் எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. சொல்லவில்லை என்பதே எனக்குத் தெரியவில்லை. நூற்றிருபத்தைந்து பத்து சென்டிமீட்டர் சேர்ந்தால் பன்னிரண்டரை மீட்டர். அந்தப் பன்னிரண்டரை மீட்டரையும் அந்தப் பாவப்பட்ட வண்டி சேர்த்து ஓட வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஞாயிறு காலை ஆறு மணி. எட்டு மணிப் பூசைக்கு முன்னால் முடிக்க வேண்டும், மூன்று ஓட்டம்தான் என்று ஸ்டெல்லா கண்டிப்பு. முடிவுக் கோட்டருகே அட்டையும் வாட்ச்சுமாக நின்றாள். ஆரம்பக் கோட்டில் நான் ஒரு சிவப்புத் துணியோடு. பின்னாலிருந்து ஓடி வரும் வண்டி என் கோட்டைத் தொட்டதும் நான் துணியை இறக்க, அவள் வாட்ச்சை அழுத்துவாள். வாட்ச்மேன், மருமகனுக்குச் சொல்லியனுப்புவதாகச் சொன்ன நன்றிக்கடனுக்காக எருமைகளை ஓரங்கட்டினார். தாஸ் டாஷ்போர்டு மாதா படத்தைத் தொட்டுக் கும்பிட்டான். நான் சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம் வைத்தேன். எந்தச் சாமியும் கோபித்துக்கொள்ளக் கூடாது பாருங்கள்.

முதல் ஓட்டம் பத்தொன்பது பாயிண்ட் ஆறு. இரண்டாவதில் நடுவழியில் சைலன்சர் கழன்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் எருமைகள் ஒரு பக்கமும் வாட்ச்மேன் ஒரு பக்கமும் ஓடினார்கள். பதினெட்டு பாயிண்ட் ஒன்பது. "நல்லதுதான், எட பத்து கிலோ கொறஞ்சிடுச்சி!" என்று கத்திக்கொண்டே தாஸ் திரும்பி வந்தான். மூன்றாவது ஓட்டத்துக்கு ரோட்டின் கடைசி முனை வரை பின்னால் போய், அங்கிருந்து மிதித்துக்கொண்டு வந்தான். பட்டாசுக் கடை தீப்பிடித்த மாதிரி சத்தம். கேபினுக்குள் அவன் முன்னால் சாய்ந்து ஸ்டியரிங்கைத் தள்ளிக்கொண்டிருந்தான், தள்ளினால் இன்னும் வேகமாகப் போகும் என்பது போல. நான் துணியை இறக்கினேன். அதற்குப் பிறகு கண்ணைத் திறந்து பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

ஓடிப் போய்ச் சேர்ந்தபோது ஸ்டெல்லா வாட்ச்சை நீட்டினாள். பதினெட்டு பாயிண்ட் நாலு.

"ஸ்டெல்லா, பாயிண்ட் நாலுதானேம்மா..." என்று இழுத்தேன்.

"உங்க லைன்ல பாயிண்ட் நாலு அதிகமா வந்தா பாஸ் போடுவீங்களாண்ணா?"

தாஸ் இறங்கிப் போய், விழுந்து கிடந்த சைலன்சரைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். சூடு ஆறவில்லை, துணி சுற்றிப் பிடித்திருந்தான். அதைத் தொட்டியில் பத்திரமாக வைத்தான். விற்கும்போது முழுசாகக் கொடுக்க வேண்டும் அல்லவா.

சொன்ன வாக்குப்படி அடுத்த வாரமே வாலாஜாபாத் பக்கத்து விறகுக்கடைக்காரர் ஒருவருக்கு வண்டி போய்விட்டது. ஒரு மாதம் கழித்து, கம்பெனி ஸ்டோரில் புது அலமாரிக்கு இடம் அளந்துகொண்டிருந்தேன். அந்த முனையில் ஸ்டோர் கீப்பர். அலமாரி வந்து நின்றபோது பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் காலியாகக் கிடக்கிறது. "நான் கொக்கியதான் சார் புடிச்சேன்" என்றார் அவர். அப்படியானால் ரோட்டில் தாஸும் கொக்கியைத்தான் பிடித்திருப்பான். அப்படியே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இன்றைக்கு வேண்டாம் நாளைக்கு, நாளைக்கு வேண்டாம் கிறிஸ்துமஸ் போகட்டும். ஸ்டெல்லாவிடம் பயம், தாஸ் திட்டுவானே என்ற பயம், குவாலிட்டிக்காரன் அளவில் கோட்டை விட்டான் என்று பஸ்ஸே சிரிக்கும் என்ற பயம். பிறகு விறகுக்கடைக்காரர் வண்டியைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று இருந்துவிட்டேன். இப்படியே பதினாலு வருடம்.

அந்தக் குறுஞ்செய்தி வந்த ஞாயிற்றுக்கிழமை, அதைக் காட்டிச் சிரிக்கலாம் என்று தாஸ் வீட்டுக்குப் போனேன். ரோடு இப்போது அடையாளமே தெரியவில்லை. ஐந்நூறு மீட்டருக்குள் ஒரு சிக்னல், மூன்று வேகத்தடை, கண்டெய்னர் லாரிகளின் வரிசை. எருமையைக் காணோம். வாட்ச்மேனின் மருமகன் அங்கேயே ஏதோ ஒரு கம்பெனியில் சூப்பர்வைசராம். எங்கள் கூட்டத்தில் உருப்பட்டவன் அவன் ஒருத்தன்தான்.

சாப்பிடும்போது பேச்சு அந்த ஓட்டத்துக்குத் திரும்பியது. "பாயிண்ட் நாலு மச்சான், ஒரு தும்மல் நேரம்" என்று தாஸ் வழக்கம்போலச் சிரித்தான். சொல்லிவிட்டேன். கொக்கி, பத்து சென்டிமீட்டர், எல்லாம்.

ஸ்டெல்லா கரண்டியை வைத்துவிட்டு, "எத்தினி வாட்டி வச்சீங்க?" என்றாள். நூற்றிருபத்தைந்து என்றேன். கைப்பேசியை எடுத்துக் கணக்குப் போட்டாள். மறுபடி போட்டாள். "நூறு பாயிண்ட் ரெண்டு ஏழு" என்றாள்.

நான் திட்டுக்குத் தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. தாஸைப் பார்த்துச் சொன்னாள்: "வண்டி பாஸுய்யா. நான் சொன்ன வார்த்த வார்த்ததான். போயி இன்னொரு பழைய வண்டி பாரு. நீ எத்தினி நாளு வாசல்ல படுத்துகினு கெடந்தாலும் கேக்க மாட்டேன்."

தாஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். "வேணாம் ஸ்டெல்லா" என்றான். "முட்டி மடங்கல. கீழ பூந்தா யாரு என்ன வெளிய இழுக்கறது?"

"நான் இழுக்கறேன்யா."

அவன் சிரித்துக்கொண்டு தலையை ஆட்டினான், ரசம் கேட்டான்.

கை கழுவும் இடத்தில் என் பக்கத்தில் வந்து நின்றான். "மச்சான், நெஜமாவே நூறா?" என்று மெதுவாகக் கேட்டான். ஆமாம்டா என்றேன். குழாயை மூடினான்.

"அன்னிக்கே சொல்லியிருந்தீன்னா ஓடிப்போய் வண்டிய திரும்ப வாங்கினு வந்திருப்பேன்டா" என்றான்.

அவ்வளவுதான் சொன்னான், திட்டவில்லை. பதினாலு வருடமாக அவன் திட்டுவானே என்றுதான் நான் பயந்துகொண்டிருந்தேன்.